வடசென்னை ரயில்வேக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா ரயில்வேயில் கலாசி, அதாவது எடுபிடி ஆள்; அப்பா ஃபிட்டர். நான் ரயில்வேக்குப் போகவில்லை, ஆனால் அயனாவரத்தை விட்டும் போகவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக வந்து கேட்பார்கள். பெரம்பூர் பக்கம் புதிதாக ஃபிளாட் வாங்கியவர்கள் "இந்த மதிலுக்குப் பின்னாடி என்ன சார் இருக்கு?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வடசென்னைக்கும் ரயிலுக்கும் அப்படி என்ன பந்தம்?

தென்னிந்தியாவில் ரயில் பிறந்ததே இங்கேதான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. பம்பாய், கல்கத்தா பக்கம் ரயில் முன்பே வந்துவிட்டது உண்மை. ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை, ராயபுரம் நிற்கிறது. சென்ட்ரல் வந்தது 1873-ல்தான். அதுவரை மெட்ராஸ் என்றால் ராயபுரம்.

அதே 1856-ல் பெரம்பூரில் ஒர்க்‌ஷாப்பும் வந்தது. ஓடுகிற பெட்டி பழுதாகும், பழுது பார்க்கக் கொல்லனும் தச்சனும் வேண்டும், அவர்களுக்கு வீடு வேண்டும், வீடு வந்தால் டீக்கடை, கோயில், சர்ச், மசூதி, சாராயக்கடை எல்லாம் வரும். பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எல்லாம் பெருத்ததில் இந்தத் தண்டவாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

லோகோ, கேரேஜ், ஐ.சி.எஃப். மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பினால் ஏரியாக்காரர்களுக்குக் கோபம் வரும்.

'கேரேஜ்' என்பது பெட்டிகளைப் பழுது பார்க்கும் பழைய ஒர்க்‌ஷாப். 'லோகோ' இன்ஜின்களுக்காக வந்தது. நீராவி இன்ஜின் போனபிறகு அங்கே வேலையின் தன்மையும் மாறிவிட்டது. இரண்டின் பெயரிலும் புறநகர் ரயில் நிலையங்கள் இருக்கின்றன: பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். தொழிற்சாலை வாசலுக்கே ஸ்டேஷன் வைத்தார்கள் என்றால் காலையில் எத்தனை பேர் இறங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) புதிதாகப் பெட்டி கட்டுகிற இடம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தார். தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்துக் கம்பெனியுடையது. வெளிர்நீலத்தில் நாம் பார்த்துப் பழகிய அந்தப் பெட்டி ரகத்தைச் செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்தினார்கள். அதே வருஷம் கடைசியில் 'ட்ரெயின் 18' வெளியே வந்தது. 2019 பிப்ரவரியில் அது வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லியிலிருந்து வாரணாசிக்கு ஓடியது. டி.வி.யில் யாரோ கொடி அசைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வெல்டர் "அந்த மூணாவது பொட்டி பாத்ரூம் பக்கம் நம்ம கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழிற்சங்கம் இங்கே எப்படி ஆரம்பித்தது? ரயில்வேயில்தானா?

இல்லை, பஞ்சாலையில். பெரம்பூர் பக்கத்து பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகப் பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இரண்டு பேரும் அடித்தளம் போட்டார்கள், பி.பி.வாடியா தலைவர், கூடவே திரு.வி.க.

வாடியா பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழில் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியவர் திரு.வி.க. தமிழ்ப் பண்டிதர் ஒருவர் எண்ணெய்க் கறையோடு நிற்கிறவர்களைப் பார்த்துச் செந்தமிழில் பேசினார், அவர்களும் நின்று கேட்டார்கள். பின்னாளில் எந்தக் கேட் மீட்டிங்குக்கு (தொழிற்சாலை வாசலில் சங்கம் நடத்தும் கூட்டம்) போனாலும் "தோழர்களே" என்றதும் பேச்சாளர் சட்டென்று ஏட்டுத்தமிழுக்குத் தாவுவதைப் பார்க்கலாம். அது அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம் என்பது என் எண்ணம்.

மில்லில் பற்றியது பக்கத்து மதிலுக்குத் தாவ நாளாகவில்லை. டிராம் தொழிலாளர், அச்சகத் தொழிலாளர் என்று சங்கங்கள் வரிசையாக வந்தன. அந்த அலையில்தான் எம்.எஸ்.எம். ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளர் சங்கமும். (எம்.எஸ்.எம். என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, 1908-ல் உருவான கம்பெனி. 1951 ஏப்ரல் 14 அன்று இன்னும் இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது.)

அப்போது சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. வேலைநிறுத்தத்தைத் தூண்டினார் என்று மில் நிர்வாகம் வாடியா மீது ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தது. அந்த வழக்கு கிளப்பிய சூடு ஆறாமல்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சிங்காரவேலர் நடத்திய ரயில்வே வேலைநிறுத்தம் பெரம்பூரில்தானே?

இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. 1928 வேலைநிறுத்தம் தென்னிந்திய ரயில்வேயில், அதாவது எஸ்.ஐ.ஆர். கம்பெனியில். நாகப்பட்டினம், பொன்மலை, போத்தனூர்தான் களம். ஆட்குறைப்புதான் காரணம். ஜூலை 19 நள்ளிரவில் தொடங்கி மாதம் முடிவதற்குள் ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலரைச் சதி வழக்கில் சிறைக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 68.

ஆனால் ஆள் நம்ம ஆள்தான், மெட்ராஸ் மீனவர் குடும்பம். 1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதல் முறையாக மே தினம் கொண்டாடியதும் அவர்தான். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்னொன்று ஹைகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையில்.

பெரம்பூருக்கென்று ஒரு பெரிய வேலைநிறுத்தம் உண்டு. 1932 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை இழுத்தது. உலகமெங்கும் பொருளாதார மந்தம், கம்பெனி ஆட்களைக் கழித்தது, ஒர்க்‌ஷாப்காரர்கள் வெளியே வந்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

1974 வேலைநிறுத்தம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

1974 மே 8 முதல் 27 வரை, இருபது நாள், நாடு முழுவதும். சுமார் 17 லட்சம் பேர் என்கிறார்கள். தலைமை ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ்; அவரை மே 2 அன்றே கைது செய்துவிட்டார்கள். கோரிக்கைகளில் மூன்று முக்கியம்: போனஸ், விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி, எட்டு மணி நேர வேலை.

எட்டு மணி நேரமா, அது எப்போதோ வந்துவிட்டதே என்று தோன்றும். ஒர்க்‌ஷாப் ஆளுக்கு வந்திருந்தது. ஆனால் ரயில்வே வேலையை வகை பிரித்து வைத்திருந்தது. ஓயாத வேலை ஒரு வகை, விட்டுவிட்டு வருகிற வேலை இன்னொரு வகை. நாளொன்றுக்கு நாலு வண்டி போகிற ரயில்வே கேட்டில் உட்கார்ந்திருப்பவர் இரண்டாம் வகை, அவருக்குப் பன்னிரண்டு மணி நேரம். வண்டி போகாத நேரத்தில் அவர் சும்மா இருக்கிறார் என்று கணக்கு. இன்ஜின் டிரைவர் பாடு அதைவிட மோசம். கையெழுத்துப் போட்டு ஏறினால் எப்போது இறங்குவோம் என்பது சிக்னலுக்குத்தான் தெரியும்.

வேலைநிறுத்தம் எதையும் வாங்காமலே முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறையில், பலருக்கு வேலை போனது, பலருக்கு 'பிரேக் இன் சர்வீஸ்', அதாவது அதுவரை பார்த்த வருஷங்கள் கணக்கில் அறுந்துபோவது. 1977-ல் ஆட்சி மாறியதும் வேலை போனவர்களைத் திரும்ப எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் இந்த இருபது நாளை அம்மா ஒரே பொருளை வைத்துத்தான் சொல்வாள். குண்டா. பித்தளைக் குண்டா ஒன்று அடகுக்கடைக்குப் போனது; திரும்பி வந்தபோது அடியில் கடைக்காரர் ஆணியால் கீறிய நம்பர் இருந்தது. சாகும்வரை அதில்தான் பொங்கல் வைத்தாள். அப்பா மேடைகளில் 1974 பற்றி நிறையப் பேசியிருக்கிறார், ஆனால் அந்த நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைநிறுத்தக் கதைகளில் ஜெயிலுக்குப் போனவர்கள் மட்டும் இருப்பார்கள். கடன் சொல்லி அரிசி வாங்கியவர்கள் பெயர் வராது.

தீபாவளி போனஸ் எங்கிருந்து வந்தது?

மேலே சொன்னதிலிருந்துதான், கொஞ்சம் தாமதமாக. அரசாங்க ஊழியனுக்கு எதற்கு போனஸ் என்பதுதான் 1974-ல் கிடைத்த பதில். 1979-ல் உற்பத்தியோடு இணைந்த போனஸ் என்ற பெயரில் ரயில்வேக்கு வந்தது. இப்போது பல வருஷமாக 78 நாள் சம்பளம் என்று பேப்பரில் வருகிறது. அதைப் பார்த்து ரெண்டரை மாசச் சம்பளமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்துத்தான் கணக்கு. கைக்கு வருவது 17,951 ரூபாய். ஆயுத பூஜைக்கு முன்னால் வந்துவிடும். பெரம்பூர் கடைத்தெருவுக்கு அந்தத் தேதி ரயில்வேக்காரர்களைவிட நன்றாகத் தெரியும்.

எத்தனை சங்கம் இருக்கிறது? எதில் சேர்வது?

எதில் சேர்வது என்று நான் சொன்னால் மற்ற இரண்டு பேர் வீட்டு வாசலில் நிற்பார்கள். தெற்கு ரயில்வேயில் முக்கியமானவை எஸ்.ஆர்.எம்.யூ., எஸ்.ஆர்.இ.எஸ்., டி.ஆர்.இ.யூ. இவை தவிர டிரைவர்களுக்குத் தனி அமைப்பு, எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களுக்குத் தனி அமைப்பு. நிர்வாகத்தோடு பேசும் உரிமை யாருக்கு என்பதை ரகசிய வாக்கெடுப்பு முடிவு செய்கிறது. 2007, 2013, 2024 என்று மூன்று முறை நடந்தது. கடைசி முறை எஸ்.ஆர்.எம்.யூ., டி.ஆர்.இ.யூ. இரண்டுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. அந்த வாரம் அயனாவரத்துச் சுவர்களைப் பார்த்தவர்கள் சட்டசபைத் தேர்தலோ என்று நினைத்திருப்பார்கள்.

சம்பளம், போனஸ் தவிர சங்கம் வேறு என்ன கொடுத்தது?

என்னைக் கேட்டால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சங்கம் எங்கள் ஆட்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது. அப்பா எட்டாவது வரை படித்தவர். ரயில்வேயில் ஒருவர் மீது நடவடிக்கை எடுத்தால் குற்றச்சாட்டுக் கடிதம் வரும். சின்னத் தண்டனைக்கு எஸ்.எஃப். 11, பெரிய தண்டனைக்கு எஸ்.எஃப். 5. ஒர்க்‌ஷாப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்குக்கூட இந்த இரண்டு நம்பருக்கும் வித்தியாசம் தெரியும். முதலாவது வந்தால் முகம் சுருங்கும், இரண்டாவது வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. குறித்த நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். பெரிய தண்டனை விசாரணையில் சக ஊழியர் ஒருவரையோ சங்கக்காரரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் கதவைத் தட்டுவார்கள். வந்தவர் திண்ணையில் உட்கார மாட்டார், நிற்பார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் வெளியே வரும். அப்பா கண்ணாடியைத் துணியால் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படிப்பார். "தேதி என்ன போட்டிருக்கான் பாத்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு என் ரூல்டு நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழிப்பார், பின் குத்திய இடத்தில் கிழித்தால் இரண்டு தாள் சேர்ந்து வரும் என்பதால். விதிப்புத்தகத்தில் பஸ் டிக்கெட்டுகளை அடையாளத்துக்குச் செருகி வைத்திருப்பார். ஆங்கிலத்தில் தடவித் தடவி எழுதுவார். நான் ஆறாவது படிக்கும்போது ஸ்பெல்லிங் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்ற வார்த்தையை நான் கற்றுக்கொண்டது ஸ்கூலில் இல்லை.

ஒரு நாள் கேட்டேன், "அவரு தப்பு பண்ணாரா இல்லையாப்பா?" அப்பா சொன்னார்: "பண்ணியிருக்கலாம். அதுக்குன்னு கேக்காமலேயே தண்டனை குடுத்துடுவாங்களா?"

எட்டாவது படித்தவர் வாயில் இந்தக் கேள்வி வந்ததே, அதைத்தான் நான் சங்கத்தின் கலாச்சாரம் என்கிறேன். கேட் மீட்டிங்கில் ஐந்து நிமிஷம் பேசப் பழகியவர்கள் ஏரியாவில் ரேஷன் கடையில் பேசினார்கள், ஸ்கூலில் ஹெட்மாஸ்டரிடம் பேசினார்கள், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசினார்கள். சங்க ஆபீஸ் பெஞ்சில் பேப்பர் இருந்தது, மாத இதழ்கள் இருந்தன. அரசியல் புத்தகத்தோடு கவிதையும் கைமாறியது.

இந்தப் பக்கத்தில் இலக்கியமும் தொழிலாளர் இயக்கமும் பிரிந்து இருந்ததில்லை. ப.ஜீவானந்தத்தைப் பாருங்கள். 1952-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டசபைக்குப் போனவர், 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியவர். மேடையில் பாரதியையும் கம்பனையும் எடுத்தால் அவரை நிறுத்த முடியாது. அவர் பெயரில் இங்கே ஒரு ரயில் நிலையமே இருக்கிறது, வியாசர்பாடி ஜீவா. நாள்தோறும் "ஜீவால எறங்கணும்" என்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஜீவா யாரென்று தெரியாது. அதனால் ஒன்றும் மோசமில்லை, பெயர் வாயில் புழங்கினால் போதும்.

ஆங்கிலோ இந்தியர்கள் பற்றி?

டிரைவர், கார்டு, ஃபோர்மேன் வேலைகளில் ஒரு காலத்தில் அவர்கள்தான் அதிகம். பெரம்பூரில் பெரிய சமூகமாக இருந்தார்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம், ஹாக்கி, கிறிஸ்துமஸ் பார்ட்டி என்று அது ஒரு உலகம். மதிலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டதாகத் தாத்தா சொல்வார். உள்ளே போக முடியாது என்பதையும் சொல்வார். கம்பெனி காலத்தில் தோலுக்கு ஏற்றபடிதான் வேலையும் சம்பளமும் குவார்ட்டர்ஸும். சுதந்திரத்துக்குப் பிறகு பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது லூர்து மாதா கோயில், சில வீடுகளின் மரத்தட்டி, அப்புறம் எங்கள் பேச்சில் கலந்த 'மேன்'.

சங்கு, ஆயுத பூஜை, பாஸ்: இதெல்லாம் என்ன?

சங்கு என்றால் ஒர்க்‌ஷாப் சைரன். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுதான் கடிகாரம். முதல் சங்குக்கு இட்லி கேரியரில் ஏறியிருக்க வேண்டும், அடுத்த சங்குக்கு ஆள் கேட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்றுதான் குடும்பம் உள்ளே போகலாம். லேத்துக்குச் சந்தனம், கிரேனுக்கு வாழைமரம், கையில் பொரி. அப்பா வேலை செய்யும் இடத்தைப் பிள்ளைகள் முதல்முறையாகப் பார்க்கிற நாள். நான் எதிர்பார்த்தது பெரிய இன்ஜின். எனக்கு நினைவில் நிற்பது அப்பாவின் வைஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கருவி. அதன் தாடைக்கு மட்டும் அவர் தனியாகப் பொட்டு வைத்தார்.

பாஸ் பெரிய விஷயம். சைக்கிள்கூட இல்லாத வீட்டுக்காரர்கள் காசிக்கும் டெல்லிக்கும் போய் வந்தார்கள் என்றால் அது இலவசப் பாஸின் புண்ணியம். வியாசர்பாடிச் சந்துக்குள் தாஜ்மஹால் முன்னால் எடுத்த போட்டோ மாட்டிய வீடுகள் உண்டு.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு ஏன் அவ்வளவு பெயர்?

பெயர் பெரம்பூர், இருப்பது அயனாவரம். அது தனி வழக்கு. 1975-ல் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம்.செரியன் செய்தது இங்கேதான். பிரைவேட் ஆஸ்பத்திரிகள் தலையெடுக்காத காலத்தில் கலாசிக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் ஒரே ஆபரேஷன் தியேட்டர்.

இப்போது பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

அப்பா வேலை மகனுக்கு என்ற காலம் போயாச்சு. பணியில் இறந்தவர் வீட்டுக்குக் கருணை அடிப்படையில் தருகிறார்கள். ஒர்க்‌ஷாப்புக்குள் பெண்கள் முதலில் வந்ததில் கணிசம் அப்படித்தான். ஆக்ட் அப்ரன்டீஸ் (சட்டப்படியான தொழிற்பயிற்சி) முடித்தவர்களுக்கு லெவல் 1 என்கிற அடிமட்ட வேலையில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் தேர்வு உண்டு, அப்ரன்டீஸ் முடித்தாலே வேலை என்பது இல்லை. மதிலுக்குள் கான்ட்ராக்ட் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கு எஸ்.எஃப். 11 கிடையாது. நாளை வராதே என்றால் முடிந்தது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

ராயபுரம் ஸ்டேஷன், காலை வெயிலில். தூண்களைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல் கொஞ்சம் உட்காருங்கள். ஐ.சி.எஃப். பக்கம் நியூ ஆவடி ரோட்டில் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் பார்க்கலாம். இன்ஜினை ஓட்டியவனுடைய சாப்பாட்டுக் கேரியரை யாரும் வைக்கவில்லை என்பது என் குறை. ஒர்க்‌ஷாப்புகளுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. சாயங்காலம் வேலை விடுகிற நேரத்தில் கேட் எதிர் டீக்கடை போதும்.

என் தாத்தா லோகோவில் வேலை பார்த்தார். அவரைப் பற்றி எப்படித் தேடுவது?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பென்ஷன் உத்தரவு, மெடிக்கல் கார்டு, பழைய பாஸ், சங்கச் சந்தா ரசீது: இவற்றில் ஏதாவது ஒன்று டிரங்குப் பெட்டியின் அடிக்காகிதத்துக்குக் கீழே இருக்கும். பெயரைவிட டிக்கெட் நம்பர், அதாவது ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்த எண், முக்கியம். ஒரே ஷாப்பில் நாலு ஆறுமுகம் இருப்பார்கள், நம்பர் ஒன்றுதான்.

அடுத்து, ரிட்டையர் ஆன நாள் போட்டோ. ஆளுயர மாலை, சில நேரம் பேண்டு வாத்தியம், ஷாப் முழுவதும் சேர்ந்து வீடுவரை கொண்டுவந்து விடுவது இங்கே வழக்கம். அந்தப் போட்டோவில் தாத்தாவைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது அயனாவரத்திலோ கொளத்தூரிலோ இன்னும் இருப்பார். போகும்போது போட்டோவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காது கேட்காவிட்டாலும் கண் தெரியும்.